வெள்ளை மாளிகைக்கு வழி – 14: ஒருநாள் கட்சிக்காரர்கள்

1972 மே 13, சனிக்கிழமை. மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரத்தில் அன்று ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஆகப் போட்டியிட்ட ஜார்ஜ் வாலஸின் கூட்டம். தேசியக் காவல்படைக்குச் சொந்தமான மண்டபத்தில் ஏற்பாடு. கூட்டம் தொடங்க வெகுநேரம் முன்பே ஒரு நீல நிறக் கார் மண்டபத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது. உள்ளே ஓர் இளைஞன், தனியாக. இறங்கவும் இல்லை, கிளம்பவும் இல்லை. சந்தேகப்பட்ட யாரோ போலீசுக்குச் சொல்ல, போலீஸ் வந்து விசாரித்தது. வாலஸைப் பக்கத்திலிருந்து பார்க்க நல்ல இடம் பிடிக்க வேண்டும், அதனால்தான் சீக்கிரம் வந்தேன் என்றான். நியாயமாகத்தான் பட்டது. விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

அவன் பெயர் ஆர்தர் பிரெமர். மில்வாக்கிக்காரன், வயது 21. இரண்டு நாள் கழித்து மேரிலாந்து மாநிலத்தின் லாரல் என்ற ஊரில், ஒரு வணிக வளாகத்தின் கார் நிறுத்துமிடத்தில், கூட்டத்தாரோடு கைகுலுக்கிக்கொண்டிருந்த வாலஸைக் கிட்டத்தில் நின்று சுட்டான். முதுகுத்தண்டில் குண்டு. உயிர் பிழைத்தது. இடுப்புக்குக் கீழே கடைசிவரை செயலற்றுப்போனது.

சுட்டதற்கு மறுநாள் மிச்சிகனிலும் மேரிலாந்திலும் பிரைமரி, அதாவது கட்சியின் வேட்பாளர் யார் என்று வாக்காளர்களே ஓட்டுப் போட்டுச் சொல்லும் தேர்தல். மருத்துவமனையில் படுத்திருந்த வாலஸ் இரண்டையும் ஜெயித்தார். மேரிலாந்து தெற்கை ஒட்டிய மாநிலம், அங்கே ஜெயித்ததில் பெரிய அதிசயமில்லை. மிச்சிகன் அப்படியா? கார் தொழிற்சாலைகளும் தொழிற்சங்கங்களும் நிறைந்த வடக்கத்தி மண். ஜனநாயகக் கட்சியின் கோட்டை என்று பெயர் வாங்கிய டெட்ராய்ட் அங்கேதான் இருக்கிறது. அங்கே வாலஸுக்கு 51 சதவீதம். போட்டியாளர் மெக்கவர்னுக்கு 27. முன்னாள் துணை அதிபர் ஹம்ஃப்ரிக்கு வெறும் 16. அனுதாப ஓட்டு என்று ஒதுக்கிவிடவும் வழியில்லை. குண்டு பாய்வதற்கு முன்பே அவர்தான் அங்கே முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

ஜனநாயகக் கட்சியின் தலைவர்கள் ஒரே குரலில் ஒரு காரணம் சொன்னார்கள்: குடியரசுக் கட்சிக்காரர்கள் நம் வீட்டுக்குள் புகுந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

பாதி உண்மை. மீதிப் பாதியைப் பேச அவர்களுக்கு விருப்பமில்லை. இந்த வாரம் நாம் பேசப்போவது அந்த இரண்டு பாதிகளையும்தான்.

சென்ற வாரம் விஸ்கான்சினில் லா ஃபாலெட் திறந்துவைத்த கதவைப் பார்த்தோம்: எந்தக் கட்சிக்காரரும் எந்தக் கட்சியின் பிரைமரியிலும் ஓட்டுப் போடக்கூடிய திறந்த பிரைமரி. அந்தக் கதவு வழியாக 1964-ல் இதே வாலஸ் நுழைந்து 34 சதவீதம் வாங்கி எல்லோரையும் திடுக்கிட வைத்ததையும் பார்த்தோம். மிச்சிகனில் கதவு இன்னும் அகலம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் வாக்காளராகப் பதிவு செய்யும்போதே எந்தக் கட்சி என்று எழுதிக்கொடுத்துவிட வேண்டும். அதற்குச் சந்தா கிடையாது, உறுப்பினர் அட்டை கிடையாது. அரசாங்கப் பதிவேட்டில் பெயருக்கு நேரே கட்சியின் பெயரும் இருக்கும், அவ்வளவுதான். மிச்சிகனில் அந்தப் பதிவே இல்லை. 1972-ல் வாக்காளர் திரைக்குள்ளே போய், அங்கே வைத்துத்தான் இன்று நான் எந்தக் கட்சி என்று தீர்மானித்தார். வெளியே இருப்பவருக்கு அது தெரியவும் தெரியாது. இதில் இன்னொரு விசேஷம், அந்த மாநிலம் அதிபர் பிரைமரியைக் கைவிட்டுப் பல பத்தாண்டுகள் ஆகி, அந்த வருடம்தான் மறுபடி கொண்டுவந்திருந்தது. வெள்ளோட்டத்திலேயே இப்படி.

குடியரசுக் கட்சிப் பக்கம் அன்று என்ன நடந்துகொண்டிருந்தது? ஒன்றும் நடக்கவில்லை. பதவியில் இருந்த நிக்ஸனுக்கு எதிரி என்று சொல்ல ஆளில்லை. 95 சதவீதத்துக்கு மேல் அவருக்கே விழுந்தது. ஆனால் அந்த 95 சதவீதம் என்பது 3 லட்சத்துச் சொச்சம் ஓட்டு. ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் விழுந்ததோ ஏறத்தாழ 16 லட்சம். அதே ஆண்டு நவம்பரில் அதே மிச்சிகனில் நிக்ஸன் வாங்கியது 19 லட்சத்துக்கு மேல். மே மாதம் அவருடைய ஆட்களில் பெரும்பாலோர் வீட்டில் இருந்திருக்க வேண்டும், அல்லது அடுத்த வரிசையில் நின்றிருக்க வேண்டும். இரண்டும் நடந்தது.

வந்தவர்கள் சதி செய்ய வந்தார்களா? பலவீனமான எதிரியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்து நவம்பரில் நிக்ஸனைச் சுலபமாக ஜெயிக்க வைக்கலாம் என்று கணக்குப் போட்டு வந்தவர்கள் சிலர் இருந்திருப்பார்கள். ஆனால் அந்த வசந்தத்தில் டெட்ராய்டின் புறநகர்களில் என்ன பேசிக்கொண்டிருந்தார்கள் என்று தெரிந்தால், சதி என்ற பேச்சே அவசியமில்லை என்று புரியும்.

பேச்செல்லாம் பள்ளிப் பேருந்தைப் பற்றி. டெட்ராய்டின் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளும் பிரிந்து கிடப்பது தற்செயல் அல்ல, அரசும் நகர நிர்வாகமும் சேர்ந்து செய்தது என்று 1971 செப்டம்பரில் நீதிபதி ஸ்டீஃபன் ராத் தீர்ப்பளித்தார். பரிகாரம் என்ன என்ற விசாரணை தொடர்ந்தது. நகரத்தோடு புறநகர்களையும் சேர்த்து, பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி இங்குமங்கும் அனுப்பச் சொல்வாரோ என்பதுதான் புறநகர்க்காரர்களின் பயம். (1972 ஜூனில் அப்படித்தான் உத்தரவிட்டார். 1974-ல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அதை நிறுத்தியது.) பக்கத்திலேயே பான்டியாக் நகரில் வேறொரு வழக்கில் அந்த ஏற்பாடு வந்தேவிட்டது. 1971 ஆகஸ்ட் இறுதியில், பள்ளி திறப்பதற்குச் சில நாள் முன்பு, பேருந்துப் பணிமனையில் நின்றிருந்த 10 பள்ளிப் பேருந்துகளை இரவில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். செய்தவர்கள் கூ க்ளக்ஸ் கிளான் ஆட்கள். அந்த ஊர்த் தாய்மார்கள் சிலர் மறு வருடம் பேருந்து ஏற்பாட்டை எதிர்த்து வாஷிங்டன் வரை 600 மைலுக்கு மேல் நடந்தே போனார்கள். எதிர்ப்பு ஊரின் ஒரு மூலையோடு நிற்கவில்லை.

இந்தக் கொதிப்பின் நடுவேதான் வாலஸ் வந்து நின்றார். 1963-ல் அலபாமா பல்கலைக்கழக வாசலில் கறுப்பின மாணவர்களை மறித்து நின்ற அதே ஆளுநர். (அமெரிக்காவில் ஆளுநர் என்பவர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆள், நம் முதலமைச்சர் மாதிரி.) நிக்ஸனும் பேருந்து ஏற்பாட்டை எதிர்த்தார்தான். ஆனால் நிக்ஸனுக்குப் போடும் ஓட்டு அன்று யாருக்கும் எதையும் சொல்லாது. வாலஸுக்குப் போட்டால் வாஷிங்டன் திரும்பிப் பார்க்கும். அவருடைய பிரசாரமே அதுதான்: அவர்களுக்கு ஒரு சேதி அனுப்புங்கள். அனுப்பினார்கள்.

தலைவர்கள் பேச விரும்பாத அந்தப் பாதிக்கு வருகிறேன். கார்த் தொழிலாளர் சங்கத்தின் தலைமை வாலஸை எதிர்த்து வேலை செய்தது. அதே சங்கத்தின் உறுப்பினர்கள் ஆயிரக்கணக்கில் வாலஸுக்குப் போட்டார்கள். அவர்கள் வெளியாட்கள் இல்லை. பரம்பரை ஜனநாயகக் கட்சிக்காரர்கள், ரூஸ்வெல்ட் காலத்திலிருந்து அந்தக் கட்சிக்கே போட்டு வந்த குடும்பங்கள். நவம்பரில் அவர்களில் பலர் நிக்ஸனுக்குப் போட்டார்கள். எட்டு வருடம் கழித்து ரீகனுக்கும் போட்டார்கள். கதவைத் தாண்டி உள்ளே வந்தவர்களைப் பற்றிக் கட்சி கவலைப்பட்டது. அதே கதவு வழியாக வெளியே போய்க்கொண்டிருந்த தன் சொந்த ஆட்களை அது எண்ணிப் பார்க்கவில்லை என்பதே என் கட்சி.

நோயைத் தப்பாகப் புரிந்துகொண்டால் மருந்தும் தப்பாகத்தான் போகும். கதவைச் சாத்த முடிவு செய்தது தேசியக் கட்சி. தங்களை ஜனநாயகக் கட்சியினர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்பவர்கள் மட்டுமே, அதிபர் வேட்பாளரை முடிவு செய்யும் மாநாட்டுப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கலாம் என்று விதி வந்தது. 1976-க்கு விலக்குக் கொடுத்தார்கள். 1980-ல் கண்டிப்பாக அமலாக்கினார்கள்.

அந்த விலக்குக் கிடைத்த 1976-ல் வேடிக்கை அடுத்த வீட்டுக்கு மாறியது. குடியரசுக் கட்சியில் அதிபர் ஃபோர்டும் ரீகனும் மல்லுக்கட்டினார்கள். ஜனநாயகக் கட்சிப் பக்கம் சக்கர நாற்காலியில் வந்த வாலஸை ஃபுளோரிடாவிலும் வட கரோலினாவிலும் கார்ட்டர் தோற்கடித்துவிட்டார். வாலஸின் ஆட்கள் போக்கிடமில்லாமல் நின்றார்கள். டெக்ஸஸிலும் கட்சிப் பதிவு கிடையாது. ரீகனின் ஆட்கள் இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டார்கள். வாலஸ் ஆதரவாளர் ஒருவரையே விளம்பரத்தில் பேச வைத்தார்கள்: நான் ஜனநாயகக் கட்சிக்காரன்தான், இந்தத் தடவை ரீகனுக்குப் போடப்போகிறேன். மே 1-ம் தேதி டெக்ஸஸில் தேர்ந்தெடுக்க இருந்த 96 பிரதிநிதிகளும் ரீகனுக்கே போனார்கள். ஒன்றுகூட ஃபோர்டுக்கு இல்லை. மூன்று நாளில் இண்டியானாவும் போனது.

ஃபோர்டின் முகாம் கொதித்தது. குடியரசுக் கட்சியின் வேட்பாளரை ஜனநாயகக் கட்சிக்காரர்கள் தீர்மானிப்பதா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியின் சூடு ஆறுவதற்குள் மே 18-ம் தேதி மிச்சிகன் வந்தது, ஃபோர்டின் சொந்த மாநிலம். அங்கே தோற்றால் பதவியில் இருக்கும் அதிபரே தன் கட்சியின் வேட்பாளர் ஆக முடியாமல் போகும். ஃபோர்டு ரயிலேறி ஃப்ளின்ட் முதல் நைல்ஸ் வரை ஊர் ஊராக நின்று பேசினார். கட்சி சாராதவர்களும் ஜனநாயகக் கட்சிக்காரர்களும் வந்து எனக்குப் போடுங்கள் என்று கூப்பிட்டார். டெக்ஸஸில் அக்கிரமமாகத் தெரிந்தது மிச்சிகனில் அன்பான அழைப்பாகிவிட்டது.

வந்தார்கள். குடியரசுக் கட்சிப் பிரைமரியில் 10 லட்சத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது, நான்கு வருடம் முன்பு விழுந்ததைப் போல மூன்று மடங்கு. ஃபோர்டுக்கு 65 சதவீதம். அதே நாளில் ஜனநாயகக் கட்சியின் பிரைமரி 16 லட்சத்திலிருந்து 7 லட்சத்துக்கு இறங்கியது. அங்கே கார்ட்டர் மோரிஸ் யூடாலை இரண்டாயிரத்துச் சொச்சம் ஓட்டில்தான் ஜெயித்தார். ஆகஸ்டில் கான்சஸ் சிட்டி மாநாட்டில் ஃபோர்டு 1187, ரீகன் 1070. மிச்சிகன் கைவிட்டிருந்தால் இந்தக் கணக்கு என்னவாகியிருக்கும் என்று வாசகர்களே கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

1980-ல் கதவு சாத்தப்பட்டது. மிச்சிகன் மாநிலம் திறந்த பிரைமரியைக் கைவிடவில்லை. அதனால் அங்கிருந்த ஜனநாயகக் கட்சி பிரைமரியைக் கைவிட்டுவிட்டுக் காகஸ் எனப்படும் கட்சிக் கூட்டங்களுக்குப் போய்விட்டது. பணம் கட்டிய உறுப்பினர் மட்டும் வரலாம். எட்வர்ட் கென்னடி அதிபர் கார்ட்டரை நூலிழையில் ஜெயித்தார். மொத்தம் ஓட்டுப் போட்டவர்கள் ஏறக்குறைய 16 ஆயிரம் பேர். 1972-ல் 16 லட்சம், 1980-ல் 16 ஆயிரம். வெளியாள் ஒருவர்கூட வரவில்லை, அந்த மட்டும் வெற்றிதான்.

குடியரசுக் கட்சி திறந்த பிரைமரியை வைத்துக்கொண்டது. அந்த வருடம் அதில் ரீகனை மூத்த புஷ் தோற்கடித்தார். ஆனால் அன்றிரவே ரீகனுக்கு வேறு மாநிலங்களின் கணக்கில் வேட்பாளர் ஆகப் போதுமான பிரதிநிதிகள் சேர்ந்துவிட்டதாகத் தொலைக்காட்சிகள் அறிவித்துவிட்டன. ஜெயித்தவரைக் கொண்டாட ஆளில்லை.

இருபது வருடம் தள்ளிப் போவோம். 2000, பிப்ரவரி 22.

மிச்சிகனின் ஆளுநர் ஜான் எங்லர். குடியரசுக் கட்சிக்காரர், செல்வாக்கானவர், இளைய புஷ்ஷின் ஆதரவாளர். நியூ ஹாம்ப்ஷயரில் ஜான் மெக்கெய்ன் புஷ்ஷை 18 சதவீதத்துக்கும் மேலான வித்தியாசத்தில் சாய்த்த பிறகு, தென் கரோலினாவில் புஷ் சுதாரித்தார். அடுத்தது மிச்சிகன். தீ பரவாமல் தடுக்கும் சுவராக என் மாநிலம் நிற்கும் என்று எங்லர் நம்பிக்கை கொடுத்திருந்தார். கட்சியின் நிர்வாகிகள், சட்டமன்றத்து ஆட்கள் எல்லோரும் அவர் பின்னால் நின்றார்கள்.

எங்லரின் கணக்கில் வராதது ஒன்றுதான். அன்று ஜனநாயகக் கட்சிக்குத் தேர்தலே இல்லை. அவர்களுடைய காகஸ் மார்ச் 11-ம் தேதி. ஆக, பிப்ரவரி 22-ல் மாநிலத்தில் இருந்த ஒவ்வொரு ஜனநாயகக் கட்சிக்காரரும் சும்மா இருந்தார். அவர்களில் பலருக்கு எங்லர் மேல் பத்து வருடக் கோபம் இருந்தது. நலத்திட்ட வெட்டு, ஆசிரியர் சங்கத்தோடு சண்டை என்று அதற்குக் காரணங்கள் பல. புஷ் யார் என்றே அவர்களில் பலருக்கு அக்கறையில்லை. எங்லரின் மூக்கை உடைக்க ஒரு செவ்வாய்க்கிழமை கிடைத்தது.

மெக்கெய்ன் பிரசாரமும் அவர்களை வெளிப்படையாகக் கூப்பிட்டது. போர்க் கைதியாகக் கிடந்து மீண்டவர், தேர்தல் நிதியில் சீர்திருத்தம் கேட்டவர், பத்திரிகைக்காரர்களைத் தன் பேருந்தில் ஏற்றிக்கொண்டு மணிக்கணக்கில் பேசியவர். கட்சி சாராதவர்களுக்கு அவரைப் பிடித்திருந்தது. ஆனால் அழைப்புகள் எல்லாமே அவ்வளவு நேர்த்தியானவை என்று சொல்வதற்கில்லை. பிப்ரவரி தொடக்கத்தில் தென் கரோலினாவில் பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய் புஷ் பேசியிருந்தார். கத்தோலிக்கர்களை இழித்துப் பேசிய வரலாறு உள்ள நிறுவனம் அது. மிச்சிகனின் கத்தோலிக்க வீடுகளுக்குத் தொலைபேசியில் இந்தச் சேதி போனது, கத்தோலிக்க வாக்காளர்களுக்கு எச்சரிக்கை என்ற தொனியில். எங்கள் வேலை இல்லை என்று மெக்கெய்ன் தரப்பு முதலில் மறுத்தது. ஓட்டுப் போட்டு முடிந்த பிறகு ஒப்புக்கொண்டது. நேர்மைக்குப் பெயர் வாங்கிய வேட்பாளருக்கு இது அழகில்லை.

1996-ல் மிச்சிகனின் குடியரசுக் கட்சிப் பிரைமரியில் விழுந்தது 5 லட்சத்துச் சொச்சம். 2000-ல் 12 லட்சத்தைத் தாண்டியது. மெக்கெய்ன் 51, புஷ் 43. வாக்குச்சாவடி வாசலில் எடுத்த கணிப்பைப் பார்த்தால், வந்தவர்களில் தங்களைக் குடியரசுக் கட்சிக்காரர் என்று சொன்னவர்கள் பாதிக்கும் சற்றுக் குறைவு. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு புஷ்ஷுக்கு. ஜனநாயகக் கட்சிக்காரர்கள் ஆறில் ஒரு பங்கு. அவர்களில் ஐந்தில் நான்கு பேர் மெக்கெய்னுக்கு. கட்சி சாராதவர்களிலும் மூன்றில் இரண்டு பங்கு மெக்கெய்னுக்கே.

தன் கட்சிக்காரர்களிடம் இவ்வளவு பெரிய வித்தியாசத்தில் தோற்ற ஒருவர் தன் கட்சியின் பிரைமரியை ஜெயித்தார் என்பதுதான் அந்த இரவின் விசித்திரம். புஷ் தரப்புக்கு அதுவே கைக்கு வந்த ஆயுதம் ஆனது. தேர்தலை ஜனநாயகக் கட்சிக்காரர்கள் கடத்திக்கொண்டு போய்விட்டார்கள் என்று அடுத்தடுத்த மாநிலங்களில் சொல்லிக்கொண்டே போனார்கள். அது எடுபட்டது. மிச்சிகன் வெற்றியால் மெக்கெய்னுக்கு 50-க்கு மேற்பட்ட பிரதிநிதிகள் கிடைத்தார்கள், கூடவே வெளியாட்களின் வேட்பாளர் என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. மார்ச் 7-ம் தேதி கலிஃபோர்னியாவில் யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் போடலாம் என்ற சீட்டுத்தான். ஆனால் குடியரசுக் கட்சியின் பிரதிநிதிகளைத் தீர்மானிக்க அந்தக் கட்சியில் பதிவு செய்தவர்களின் சீட்டை மட்டும் தனியே எண்ணினார்கள். 162 பிரதிநிதிகளும் புஷ்ஷுக்கு. மார்ச் 9-ல் மெக்கெய்ன் போட்டியிலிருந்து விலகினார். கூப்பிட்டு வந்த ஓட்டு ஒரு மாநிலத்தை வாங்கிக் கொடுக்கும், கட்சியை வாங்கிக் கொடுக்காது என்பதை மெக்கெய்ன் அளவுக்கு அனுபவித்தவர் யாருமில்லை.

அதே மெக்கெய்ன் எட்டு வருடம் கழித்து, 2008 மார்ச் 4-ம் தேதி, குடியரசுக் கட்சியின் வேட்பாளராக உறுதியானார். இப்போது அவருடைய கட்சிக்காரர்கள் சும்மா இருந்தார்கள். ஒபாமாவும் ஹிலாரி கிளின்டனும் இன்னும் கட்டிப்புரண்டுகொண்டிருந்தார்கள். தன் தெருக் கோயிலில் திருவிழா முடிந்துவிட்டால் ஜனம் அடுத்த தெருத் திருவிழாவைப் பார்க்கப் போகாமல் இருக்குமா? ரஷ் லிம்பா என்ற வானொலிக்காரர் போகச் சொல்லிக் கட்டளையே போட்டார்.

நாடு முழுக்கக் கோடிக்கணக்கான வலதுசாரி நேயர்களை வைத்திருந்தவர் லிம்பா. அவர் திட்டத்துக்கு வைத்த பெயர் ‘ஆபரேஷன் கேயாஸ்’. குடியரசுக் கட்சிக்காரர்கள் போய் ஹிலாரிக்கு ஓட்டுப் போட வேண்டும். ஹிலாரி ஜெயிக்க வேண்டும் என்பதற்காக அல்ல, சண்டை முடியக் கூடாது என்பதற்காக. இரண்டு பேரும் ஒருவரையொருவர் கிழித்துக்கொண்டு நவம்பருக்கு இரத்தம் சொட்டச் சொட்ட வரட்டும் என்பது கணக்கு. 1972-ல் ஜனநாயகக் கட்சி பயந்த சதியை இப்போது ஒருவர் ஒலிபெருக்கி வைத்தே அறிவித்தார்.

ஒஹாயோவில் கட்சி மாறிச் சீட்டு வாங்க வருபவர், இந்தக் கட்சியின் கொள்கைகளை ஆதரிக்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். பொய்யாகப் போட்டால் குற்றம். கிளீவ்லாந்து நகரம் அடங்கிய குயஹோகா கவுண்டியில் தேர்தல் வாரியம் விசாரணைக்கு இறங்கியது. அங்கே ஒரு வாக்காளர் உறுதிமொழிக்குக் கீழே தன் கைப்படவே ஒரு வரி சேர்த்திருந்தார்: ஒருநாளுக்கு மட்டும். இதைவிட நேர்மையான பொய்க் கையெழுத்தை நான் கேள்விப்பட்டதில்லை. யார் மீதும் வழக்குப் பாயவில்லை. ஓட்டுப் போட்ட அந்த நிமிடத்தில் ஒருவர் மனதில் என்ன கொள்கை இருந்தது என்று எந்த வழக்கறிஞர் நிரூபிப்பார்?

மே 6, இண்டியானா. ஹிலாரி சுமார் 14 ஆயிரம் ஓட்டில் ஜெயித்தார். 12 லட்சத்துக்கு மேல் விழுந்த தேர்தலில் அது ஒரு கைப்பிடி. வந்தவர்களில் பத்தில் ஒருவர் குடியரசுக் கட்சிக்காரர், அவர்களில் பாதிக்குச் சற்று மேல் ஹிலாரிக்குப் போட்டதாகக் கணிப்பு. லிம்பா மார்தட்டிக்கொண்டார். அவருடைய சொல்லால் வந்த ஓட்டு எத்தனை? பிப்ரவரியில் விஸ்கான்சினில் கட்சி தாண்டி வந்த குடியரசுக் கட்சிக்காரர்களில் பெரும்பங்கு ஒபாமாவுக்குப் போட்டிருந்தது உண்மை. அவர்களை ஒபாமாவின் ஆட்களே கூப்பிட்டுக்கொண்டும் இருந்தார்கள். மே மாதம் தராசு சாய்ந்ததும் உண்மை. ஆனால் நடுவில் ஒபாமாவின் பாதிரியார் ஜெரமையா ரைட்டின் பேச்சுகள் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப ஓடின. அதைப் பார்த்து மனம் மாறிய வெள்ளைத் தொழிலாளி வானொலியின் கட்டளைக்காகவா காத்திருந்தார்? தாண்டி வந்து போடுபவர்களில் மிகப் பெரும்பாலோர் தங்களுக்கு நிஜமாகவே பிடித்தவருக்குத்தான் போடுகிறார்கள் என்பதே அரசியல் ஆய்வாளர்கள் பலரும் திரும்பத் திரும்பக் கண்ட முடிவு.

மறுநாளே லிம்பா கட்சி மாறினார், ஒரு விதத்தில். இனி ஒபாமாவே வேட்பாளராக வரட்டும், அவர்தான் தோற்கடிக்கச் சுலபமானவர் என்றார்.

நவம்பரில் ஒபாமா இண்டியானாவை ஜெயித்தார். 1964-க்குப் பிறகு ஜனநாயகக் கட்சி வேட்பாளர் எவரும் ஜெயிக்காத மாநிலம் அது. வித்தியாசம் சுமார் 28 ஆயிரம். சாதாரண வருடத்தில் மே மாதத்து இண்டியானாவை எந்த வேட்பாளரும் எட்டிப் பார்ப்பதில்லை. அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். சண்டை நீண்டதால் அந்த வருடம் ஒபாமாவின் ஆட்கள் அங்கே அலுவலகம் திறந்து, தெருத் தெருவாக வாக்காளர்களைப் பதிவு செய்து, தொண்டர் படை கட்டிவிட்டுப் போனார்கள். நவம்பரில் அந்தப் படை கைகொடுத்தது. அதே மே 6-ல் பிரைமரி நடந்த வட கரோலினாவும் மிகச் சொற்ப வித்தியாசத்தில் அவருக்குக் கிடைத்தது. கலகம் நீடிக்கட்டும் என்று லிம்பா ஆசைப்பட்டார், நீடித்தது. பலனை அனுபவித்தவர்தான் வேறு.

கதை மறுபடி மிச்சிகனுக்குத்தான் வர வேண்டும். 2012 பிப்ரவரியில் ஒபாமாவுக்குத் தன் கட்சியில் எதிரியில்லை. குடியரசுக் கட்சியில் மிட் ராம்னிக்கும் ரிக் சான்டோரமுக்கும் போட்டி. தேர்தலுக்கு முந்தைய நாள் ஜனநாயகக் கட்சிக்காரர்களின் வீடுகளுக்குப் பதிவு செய்த குரல் அழைப்புகள் போயின. வந்து ராம்னிக்கு எதிராகப் போடுங்கள் என்று அதில் வேண்டுகோள், கடைசியில் செலவு சான்டோரம் பிரசாரக் குழு என்ற அறிவிப்பு. ராம்னி கொதித்தார். அவருடைய பழைய கணக்கு ஒன்றைப் பத்திரிகைக்காரர்கள் நினைவுபடுத்தினார்கள்: 1992-ல் மாசசூசெட்ஸில் ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில் பால் சாங்கஸுக்கு ஓட்டுப் போட்டவர் ராம்னி. எதிர்க்கட்சியில் பலவீனமானவர் வரட்டும் என்றுதான் போட்டேன் என்று பின்னாளில் அவரே விளக்கமும் கொடுத்திருந்தார். மிச்சிகனில் ராம்னி 41-க்கு 38 என்று தப்பித்தார். வந்தவர்களில் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் பத்தில் ஒருவர் போல. கவிழ்க்க அது போதவில்லை.

1972, 1976, 2000, 2008, 2012. ஒவ்வொரு தடவையும் தாண்டி வந்த கூட்டத்தின் அளவைத் தீர்மானித்தது அழைப்பின் சத்தம் அல்ல. ஒரு பக்கம் பந்தயம் மந்தமாகி, மறுபக்கம் சூடாக இருந்ததுதான். அழைப்பே இல்லாத 1972-ல்தான் வெள்ளமே வந்தது. நாடு முழுக்க அழைத்த லிம்பாவுக்குக் கிடைத்தது விவாதத்துக்குரிய சில ஆயிரம் ஓட்டுகள். ஆனாலும் கட்சிகள் இன்றுவரை சதிகாரர்களுக்குத்தான் பயப்படுகின்றன.

மிச்சிகனில் இப்போதும் கட்சிப் பதிவு கிடையாது. மாறியது ஒன்றே ஒன்று: அதிபர் பிரைமரிக்கு வரும் வாக்காளர், எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். யாருக்குப் போட்டார் என்பது ரகசியம். எந்தச் சீட்டை வாங்கினார் என்பது பதிவாகிவிடும்.

விஸ்கான்சின் இதற்கும் சம்மதிக்கவில்லை. கதவைச் சாத்திய தேசியக் கட்சியின் அந்த விதியை ஏற்க மறுத்து வழக்காடியது. 1981 பிப்ரவரி 25-ல் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் கட்சியின் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு அடுத்த வாரம்.

(தொடரும்)